கூப்பிடு தூரம்

விமானி நண்பர்களுக்கு,

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருக்கிறேன். 34 வருடம் ரயில் ஓட்டினேன். முதலில் கூட்ஸ், பிறகு பாசஞ்சர், கடைசி ஆறு வருடம் எக்ஸ்பிரஸ். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களை ‘டிரைவர்’ என்றார்கள். ஓய்வு பெறும்போது ‘லோகோ பைலட்’ ஆகியிருந்தேன். அந்தப் பெயர் கொடுக்கிற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பெண் உங்களில் ஒருத்தி. ஏர்பஸ்ஸில் ஃபர்ஸ்ட் ஆஃபீசர். வீடு இங்கே, அவளுக்குக் கொடுத்திருக்கிற பேஸ் மும்பை. அப்பாவுக்கு வருஷத் திதி என்று இரண்டு நாள் வந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வந்து, “மாமா, நீங்க ரெண்டு மணிக்கெல்லாம் முழிச்சிக்குவீங்கன்னு அம்மா சொன்னாங்க. ஒரு தட்டு தட்டிடறீங்களா? அலாரத்த அணைச்சிட்டு மறுபடியும் தூங்கிடுவேனோன்னு பயமா இருக்கு” என்றாள்.

தட்டினேன். பத்து நிமிடத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மெட்ரோ ஓட ஆரம்பிக்கிற நேரம் இல்லை அது. டாக்சி வரும்வரை தெருமுனையில் கூடவே நின்றேன். நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

“எத்தன மணிக்கும்மா படுத்த?”

“பதினொன்றரை ஆயிடுச்சு மாமா. சொந்தக்காரங்க எல்லாம் இருந்தாங்க.”

“டூட்டி எப்போ?”

“சாயங்காலம் ஆறுக்கு ரிப்போர்ட் பண்ணணும். ரெண்டு செக்டர். முடியறதுக்கு ராத்திரி ஒண்ணு ஆகும். நடுவுல ஃபிளாட்ல கொஞ்சம் படுத்துக்குவேன். முதல் ஃபிளைட்ல சீட் கெடச்சா.”

ஸ்டாஃப் டிக்கெட். இடம் காலியிருந்தால் ஏறலாம், இல்லையென்றால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவள் கிளம்பிப் போன பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராத்திரி 2 மணிக்கு எழுந்தவள் மறுநாள் ராத்திரி 1 மணிக்குக் கடைசி விமானத்தை இறக்குகிறாள். 23 மணி நேரம். நடுவில் தூக்கம் கிடைத்தால் அது அவள் அதிர்ஷ்டம். ரோஸ்டரில் மட்டும், சாயங்காலம் 6 மணி வரை அவள் ஓய்வில் இருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு எங்கள் பழைய கால் பாய்களின் ஞாபகம் வந்தது. உங்களில் பலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. 1980-களில் தண்டையார்பேட்டையிலும் பேசின் பிரிட்ஜிலும் வண்டி ஏறுகிற ஆட்களை வேலைக்கு எழுப்புவதற்கென்றே ஒரு ஊழியர் இருந்தார். கையில் கால் புக்கும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு, நாய் குரைக்கக் குரைக்க சைக்கிளில் வருவார். வண்டி ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தூக்கக் கலக்கத்தில் எழுந்து அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் ஒருவருக்குக் கால் வந்தால் நான்கு வீடு விழித்துக்கொள்ளும். ‘யாருக்குக் கால்?’ என்று இருட்டில் குரல் கேட்கும். எங்கள் வீட்டம்மா எனக்கு முன்னாலேயே எழுந்து அடுப்பைப் பற்றவைத்திருப்பாள்.

அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. கால் பாய் சைக்கிளில் வந்து எழுப்ப வேண்டுமானால் டிரைவர் கூப்பிடு தூரத்தில் குடியிருக்க வேண்டும். அதனால்தான் ஷெட்டுக்கும் யார்டுக்கும் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. ரயிலோட்டம் வளர வளர அதைச் சுற்றி ஊழியர் குடியிருப்புகளும் வளர்ந்தன. ரயிலை விடுங்கள், இந்த வடசென்னையே அப்படி உருவான ஊர்தான். ஆலைச் சங்கு ஊதினால் காதில் விழுகிற தூரத்தில் தொழிலாளி வீடு. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான் இன்றைக்கு விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தின் பெயர். அந்தக் காலத்து முதலாளி அன்பினால் ஒன்றும் இப்படிச் செய்யவில்லை. தூங்கி எழுந்த ஆள் வேலைக்கு வேண்டும், அதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கணக்கு அவருடையதாக இருந்தாலும் நன்மை எங்களுக்கும் வந்தது.

உங்கள் தொழிலில் அந்தத் தூரம் அறுந்துபோய்விட்டது. பேஸ் என்பது நீங்கள் வழக்கமாக வேலை தொடங்கி முடிக்கிற ஊர். அதை முடிவு செய்வது கம்பெனி. வீடு எங்கே என்பது உங்கள் சொந்த விஷயம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆயிரம் கிலோமீட்டர் யாருடைய பொறுப்பிலும் இல்லை. கம்பெனியே உங்களை வேறு ஊருக்குப் பயணியாக அனுப்பி அங்கிருந்து விமானம் ஓட்டச் சொன்னால் அது பணி நேரம். எங்களுக்கும் அப்படித்தான், ‘ஸ்பேர்’ போவது என்போம். ஆனால் அதே விமானத்தில், அதே இருக்கையில், உங்கள் வீட்டிலிருந்து உங்கள் பேஸுக்குப் போனால் அது ஓய்வு. உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் தம்பிக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மூன்று நாள் விடுப்பு. தாலி கட்டின அன்றைக்கு ராத்திரியே கிளம்பி, வண்டியில் பாதி தூரம் நின்றும் பாதி தூரம் உட்கார்ந்தும் எழும்பூர் வந்து சேர்ந்தேன். பகலில் படுத்தேன், வெயிலும் புழுக்கமும், வீட்டில் விருந்தாளிகள் வேறு. அரை மணி கண் அசந்திருந்தால் அதிகம். சாயங்காலம் கால் வந்தது. ஜோலார்பேட்டைக்குக் கூட்ஸ். உடம்பு முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று நாள் விடுப்பில் போய்விட்டு வந்து இன்றைக்கும் முடியாது என்பதா என்று வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அரக்கோணம் தாண்டி, ராத்திரி 2 மணி இருக்கும். சிக்னலைப் பார்த்ததும் டிரைவரும் அசிஸ்டென்ட்டும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் ‘பச்சை’ என்றேன். அசிஸ்டென்ட் “அண்ணே, மஞ்சள்ண்ணே!” என்று கத்தினான். மறுபடி பார்த்தேன். மஞ்சள்தான். என் கண் திறந்திருந்தது, கை பிடியில் இருந்தது. ஆனால் நான் அங்கே இல்லை. அடுத்த சிக்னல் சிவப்பு, அதற்கு அப்பால் ஒரு சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி. வண்டி நின்ற பிறகு என் முழங்கால் இரண்டும் ஆடின. அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அன்றைக்கு என்னைப் போல ஓய்வெடுத்த டிரைவர் அந்தப் பிரிவிலேயே இல்லை. மூன்று நாள்! அந்த ஏட்டில் இல்லாதது திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் வரையிலான ஒரு ராத்திரி.

உங்கள் உலகத்தில் இதே கதை 50 உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. 2009 பிப்ரவரி 12. அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் 3407 தரையிறங்கப் போகும் நேரத்தில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானி குடியிருந்தது மேற்குக் கடற்கரையில், சியாட்டில் பக்கம். பேஸ் கிழக்குக் கடற்கரை நியூவார்க். முந்தின ராத்திரி முழுக்க மெம்ஃபிஸ் வழியாக இரண்டு விமானம் மாறி வந்து, பகலைப் பணியாளர் அறையில் கழித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். கேப்டனுக்கு வீடு ஃபுளோரிடாவில். அவரும் நியூவார்க் பணியாளர் அறையில் படுத்தவர்தான். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான செயலைத்தான் விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கலாம் என்றது, ஆனால் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றும் எழுதியது. எனக்கு அந்த ‘அளக்க முடியவில்லை’ புரிகிறது. அரக்கோணத்தில் என்னை யார் அளந்திருக்க முடியும்?

அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு கணக்கைப் பாருங்கள். நியூவார்க்கை பேஸாகக் கொண்ட அந்தக் கம்பெனி விமானிகள் 137 பேர். அதில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள். 49 பேருக்கு வீடு 400 மைலுக்கும் அப்பால். விபத்துக்குப் பிறகு அமெரிக்கா பணிநேர விதிகளை மாற்றி எழுதியது, 2014 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. நல்ல விதி. ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வருகிற பயணத்தை அது தொடவில்லை. அதை ஆராய அமைத்த அறிஞர் குழு, கட்டுப்படுத்தும் அளவுக்குத் தரவு இல்லை என்று 2011-இல் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். வீட்டிலிருந்து பேஸுக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் பக்கத்தில் தங்க ஏற்பாடு செய்துகொள்வதைப் பற்றி யோசியுங்கள் என்று விமானிக்கே சொல்கிறது அவர்கள் வழிகாட்டுதல். அங்கேயும் வாடகை விமானியின் தலையில்தான்.

90 நிமிடம் என்று படித்தபோது எங்கள் ஊரை நினைத்தேன். மீனம்பாக்கத்தையே பேஸாக வைத்துக்கொண்டு எண்ணூரில் குடியிருக்கிற ஒருவருக்கு, கன்டெய்னர் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்ட நாளில் 90 நிமிடம் எங்கே போதும்? 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து நீல வழித்தடத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விமான நிலையத்தில் இறங்கலாம். அந்த வண்டியில் சீருடைப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் உங்கள் வேலை மெட்ரோ ஓடாத நேரத்தில்தானே பாதி? பரந்தூரில் புது விமான நிலையம் வந்து பேஸ் அங்கே மாறினால் நகரத்திலிருந்தே 70 கிலோமீட்டர், வடசென்னையிலிருந்து அதற்கும் மேல். அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓடுதளத்தைப் பேசுகிறார்கள், முனையத்தைப் பேசுகிறார்கள். பணியாளர் எங்கே படுப்பார் என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை.

எங்களுக்கு வெளியூரில் ரன்னிங் ரூம் உண்டு. ஜோலார்பேட்டை, கூடூர், எங்கே வண்டியை விட்டு இறங்கினாலும் கட்டில், விரிப்பு, சமையல்காரர். தூங்குகிறவர் அறையில் சத்தம் போடக் கூடாது. உங்களுக்கும் வெளியூரில் கம்பெனி ஹோட்டல் இருக்கிறது. எதிர் வீட்டுப் பெண் சொன்னாள், “மாமா, நான் நல்லா தூங்கறது வெளியூர் ஹோட்டல்லதான். பேஸ்ல நாலு பேர் சேந்து எடுத்த ஃபிளாட். ஒருத்தி வரும்போது ஒருத்தி கிளம்புவா. குக்கர் விசில் அடிச்சிக்கிட்டே இருக்கும்.” கேட்டுத் திகைத்துப்போனேன். எந்த ஊரை உங்கள் ஊர் என்று ஏட்டில் எழுதியிருக்கிறார்களோ, அந்த ஊரில்தான் உங்களுக்குப் படுக்க இடம் சரியில்லை.

ராயபுரத்தில் கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் வீடு திரும்பும் செலவைக் கப்பல் முதலாளி ஏற்க வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 சொல்கிறது. இந்தியாவும் அதில் 2015-இல் சேர்ந்தது. மாலுமியின் வீடு என்று ஒன்று இருப்பதைக் கடல் சட்டம் ஒப்புக்கொள்கிறது. வானச் சட்டத்துக்கு அது இன்னும் கண்ணில் படவில்லை.

2025 டிசம்பர் முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்டிகோவின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்தாயின. மீனம்பாக்கத்தில் பெட்டியும் குழந்தையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். என் காதுபடவே நிறையப் பேர் உங்களைத் திட்டினார்கள். பைலட்டுகளுக்கு ஓய்வு அதிகமாகக் கொடுத்ததால்தான் இந்த நிலைமை என்றார்கள். டீக்கடையில் சண்டை போட்டேன். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓய்வைக் கூட்டிய அந்த விதியை 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48. ராத்திரி என்பது காலை 5 மணி வரை இல்லை, 6 மணி வரை. ராத்திரிப் பணியில் ஆறு தரையிறக்கம் இருந்த இடத்தில் இரண்டு. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலானது. தயாராவதற்குக் காலம் இருந்தது. முடிவில் அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுக்கப்பட்டது. பயணிகளின் கஷ்டத்தைக் காட்டி ஓய்வைத் தள்ளிவைப்பது எங்களுக்கும் பழக்கப்பட்ட விஷயம்தான். 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் 10 மணி நேர வேலை என்ற வாக்குறுதியையே வாங்கினார்கள். தலைமையிட ஓய்வு 16 மணியும் வார ஓய்வு 30 மணியும் சேர்த்து 46 மணி வேண்டும் என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடினார்கள். நீங்கள் 48, நாங்கள் 46. யாராவது இரண்டு பக்கத்தையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் நண்பர்களே, அந்த 48 மணி நேரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பேஸில் சைன் ஆஃப் செய்து, ஸ்டாண்ட்பையில் காத்திருந்து, பறந்து, சென்னையில் இறங்கி, நகரத்தைக் குறுக்கே கடந்து திருவொற்றியூர் வர ஆறு ஏழு மணி நேரம். திரும்பவும் அதே. ராத்திரி 2 மணிக்கு எழுகிற ஒரு நாள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு வீட்டில் கிடைத்தது ஒன்றரை நாள் கூட இல்லை. அதிலும் அவள் நன்றாகத் தூங்கினது ஒரு ராத்திரி.

இதை நீங்கள் வெளியே சொல்வதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் ‘பேஸிலேயே குடியிரு’ என்பார்கள். அம்மாவை விட்டு, கணவரின் வேலையை விட்டு, பிள்ளையின் பள்ளியை விட்டு எங்கே போவது? பேஸ் மாற்றம் கேட்டு எழுதியிருப்பீர்கள், வரிசை நகர்ந்திருக்காது. அமெரிக்க விமானிகளே இந்தப் பயணம் எங்கள் சொந்த விருப்பம், அதில் கை வைக்காதீர்கள் என்றுதான் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். சொந்த விருப்பம் என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் பொறுப்பிலிருந்து எழுந்து போய்விடுகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டதும் சொந்த விருப்பத்தில்தான்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். களைப்பு அறிக்கை என்று ஒரு படிவம் இருக்கிறதாமே, புது விதிப்படி கம்பெனிகள் அவற்றைத் தொகுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநரகத்துக்குக் கொடுக்க வேண்டுமாமே. அதில் பணி தொடங்கின நேரத்தோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக எந்த ஊரில் தூங்கினேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், பேஸுக்கு எப்படி வந்தேன் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அவர்மேல் கண் விழும். ஆயிரம் பேர் எழுதினால் தரவு இல்லை என்று அடுத்த குழு சொல்ல முடியாது. சங்கத்தில் பேசும்போது சம்பளத்தோடு பேஸையும் பேசுங்கள். விடுமுறை முடிந்து வருகிற முதல் பணியைக் காலையிலும் நடு ராத்திரியிலும் வைக்காத ரோஸ்டர், வீட்டுக்குப் போகவும் வரவும் உறுதியான இருக்கை, பேஸ் ஊரில் கம்பெனி பொறுப்பில் ஒரு ஓய்வறை. ரன்னிங் ரூம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் எங்களைக் கேளுங்கள். எப்படி இருக்கக் கூடாது என்றும் சொல்வோம்.

முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். விடுமுறையிலிருந்து வந்த முதல் நாளானாலும் சொல்லுங்கள். எனக்கு அரக்கோணத்தில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தான். உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அன்றைக்கு வேறொரு ஊரிலிருந்து ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி வந்தவராக இருக்கலாம்.

எதிர் வீட்டுப் பெண் அடுத்த வாரம் வருகிறாள். இந்தத் தடவை ஒரு நாள் முன்னாலேயே திரும்பிப் போய் பேஸில் தூங்கப் போவதாகப் போனில் சொன்னாளாம். அவள் அம்மா நேற்று எங்கள் வாசலில் வந்து நின்று, “வர்றதே ரெண்டு நாள், அதுலயும் ஒரு நாள் போச்சேண்ணா. நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று அழுதாள். நான் பெண்ணின் பக்கம்தான் பேசினேன். பேசிவிட்டு உள்ளே வந்தும் மனசு கேட்கவில்லை. அதுதான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற லோகோ பைலட் ஒருவர்,
திருவொற்றியூர்